பனிக் குடிலில் கழுவிய படங்கள்



திருவனந்தபுரம் நிலநடுக் கோட்டிற்கு வடக்கே எட்டரைப் பாகை அளவில் அமைந்தது. மார்கழி மாதத்திலும் இங்கே விசிறி ஓயாது. இத்தகைய ஊரில் அமர்ந்துகொண்டு, ஆண்டின் பெரும்பகுதி கடலே உறைந்து கட்டாந்தரையாகிவிடும் வடகோடி நாட்டைப் பற்றி நாம் பேசத் துணிவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும், ஒரு மக்கட் கூட்டத்தின் வாழ்வைப் படமாக எடுத்துப் பிறருக்குக் காட்டுவது எப்படி, அவ்வாறு காட்டும்போது நேரும் நன்மை எது, தீமை எது என்பதை அறிய அந்நாட்டைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் வேறில்லை எனலாம். அங்கு நடந்ததை நமது பக்கத்து மலையோடும், உங்களில் பலர் வாழும் தெருக்களோடும் சேர்த்துப் பார்ப்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

ராபர்ட் பிளாகர்ட்டி என்ற அமெரிக்கர் 1884-ல் பிறந்தவர். அவர் படம் எடுப்பதற்காக வடக்கே சென்றவர் அல்லர். இரும்புத் தாது தேடிச் சென்றவர். கனடாவில் இருப்புப் பாதைகள் அமைத்த சர் வில்லியம் மெக்கன்ஸி என்ற செல்வர், ஹட்சன் விரிகுடாப் பக்கம் தாது கிடைக்குமா என்று பார்த்துவர 1910 முதல் அவரை அனுப்பி வந்தார். 1913-ல் புறப்பட்டபோது, போகிற வழியில் காண்பவற்றைப் பிடித்துவர ஒரு படக்கருவியையும் எடுத்துச் செல்லுமாறு சொன்னார். பிளாகர்ட்டி ராச்செஸ்டர் நகரில் மூன்றே வாரம் பயிற்சி பெற்றுக் கப்பலேறினார். எடுத்த சுருள்களை 1916-ல் டொராண்டோ நகரில் தொகுத்துக்கொண்டிருந்தபோது அவர் பிடித்த சிகரெட்டின் நெருப்பு பிலிமில் விழுந்தது. அக்காலத்துப் பிலிம் வெடிமருந்தைப் போலப் பற்றக்கூடியது. பல ஆயிரம் அடி மூலப் படம் நொடியில் சாம்பலாயிற்று, அவரும் காயமுற்றார்.

மூலம் போனாலும் ஒரு பிரதி தப்பியது. அதைச் சிலருக்குத் திரையிட்டுக் காட்டினார். பார்த்தவர்கள் மரியாதைக்காகப் பார்த்தார்களே ஒழிய ஒருவர் மனமும் அசையவில்லை. குறை எங்கே என்பது அவருக்கே புலனாயிற்று. இங்கே ஒரு நாய்வண்டி, அங்கே ஒரு வேட்டை, பிறகு ஒரு நடனம் என்று காட்சிகள் கோவையின்றி நின்றன. ஊர் சுற்றி வந்தவர் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு பொருளாக எடுத்துக் காட்டுவது போன்றிருந்தது அது. அங்கே மனிதர் இருந்தனர். அவர்களில் ஒருவரையும் பார்ப்பவர் அறிந்துகொள்ள இயலவில்லை.

ஆகவே, மறுமுறை வேறு வழியைக் கைக்கொண்டார். ரெவிலான் என்னும் மென்மயிர் வணிக நிறுவனம் பொருளுதவி செய்ய, 1920 ஆகஸ்டில் இன்று இனூக்ஜுவாக் எனப்படும் துறைக்குச் சென்று, ஓராண்டு அங்கேயே தங்கினார். ஒரு வேட்டைக்காரரையும் அவருடைய குடும்பத்தையும் மட்டுமே தொடர்ந்து சென்றார். படச்சுருளைக் கழுவும் கருவிகள், திரையிடும் கருவி எல்லாவற்றையும் உடன் கொண்டு போயிருந்தார். எடுத்த படத்தை அங்கேயே, உறைந்த நீர்நிலையில் துளையிட்டு இறைத்த நீரில் கழுவி, அவ்வூர் மக்களுக்கே முதலில் போட்டுக் காட்டினார். கடற்குதிரையை, அதாவது தந்தமுள்ள வால்ரஸ் என்ற பெருவிலங்கை, நால்வர் கயிற்றால் பிடித்திழுக்கும் காட்சி திரையில் ஓடியபோது, கூடியிருந்தவர்கள் விடாதே, பிடி என்று கூக்குரலிட்டனராம். அன்றுமுதல் அடுத்த காட்சியை எங்கே எடுக்கலாம், எப்படி எடுக்கலாம் என்று அவர்களே யோசனை சொல்லலாயினர். கருவி பழுதுற்றால் பிரித்துப் பூட்டவும் கற்றனர். 1922-ல் வெளிவந்த ‘நானூக் ஆப் தி நார்த்’ என்ற அந்தப் படம் உலகெங்கும் ஓடியது.

எடுத்த படத்தை எடுக்கப்பட்டவர்க்கே முதலில் காட்டிய அந்தச் செயலை நாம் மிக உயர்ந்ததாக மதிக்கிறோம். நூறாண்டு கழிந்த பின்னும் அதைச் செய்பவர் அரியர். நமது கிராமங்களுக்கும் குப்பங்களுக்கும் படக்கருவியோடு வந்து போனவர்கள் எத்தனை பேர்! அவர்களுள் படத்தோடு திரும்பி வந்தவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் போதும்.

இனி, அந்தப் படத்தின் மறுபக்கம்.

நானூக் என்றால் கரடி என்று பொருள். அந்த வேட்டைக்காரரின் உண்மைப் பெயர் அதுவன்று, அவர் அல்லகரியல்லாக். படத்தில் மனைவியாக வருபவர் அவர் மனைவி அல்லர். அவ்வூர் மக்கள் அக்காலத்திலேயே துப்பாக்கியால் வேட்டையாடினர். பிளாகர்ட்டியோ, அவர்தம் முன்னோர் கையாண்ட எறியீட்டியை எடுக்கச் சொன்னார். பனிக் குடிலின் உட்புறம் படக்கருவிக்குப் போதாத அளவு சிறிதாகவும் இருட்டாகவும் இருந்தமையால், பெரிய குடில் ஒன்றைக் கட்டச் செய்து, அதன் ஒரு பாதியை வெட்டி நீக்கி வெளிச்சம் வரவைத்தார். உள்ளே குடும்பம் உறங்கி எழுவதாக நாம் காணும் காட்சி, உண்மையில் திறந்த வெளியின் கடுங்குளிரில் நடந்தது. இசைத்தட்டைக் கையில் வாங்கிய நானூக் அது என்னவென்று புரியாமல் பல்லால் கடித்துப் பார்க்கும் காட்சி ஒன்று உண்டு. கிராமபோனை அவர் முன்பே அறிந்தவர். பார்ப்பவர் சிரிக்க வேண்டும் என்பதற்காக அவர் அறியாதவராக நடித்தார்.

இவற்றையெல்லாம் ஒரே தராசில் வைத்து நிறுக்க நாம் விரும்பவில்லை. குடிலைப் பாதியாக வெட்டியது கருவியின் குறை காரணமாக, அது பொறுக்கத்தக்கது. ஈட்டியை எடுக்கச் சொன்னதைக்கூட, மறைந்துபோகும் தொழில்நுட்பத்தைப் பதிந்து வைத்ததாக ஒருவர் வாதிடலாம். இசைத்தட்டைக் கடிக்கச் செய்ததோ அறிவுள்ள ஒரு மனிதரை அறிவிலியாகக் காட்டியது. அதற்கு எவ்விதச் சமாதானமும் நமக்குத் தோன்றவில்லை.

படத்தில் காட்டும் பொய் திரையோடு நின்றுவிடும் என்று நினைப்பவர்கள் பின்னால் நடந்ததையும் கேட்க வேண்டும். 1953-ல் கனடா அரசு, அதே இனூக்ஜுவாக் ஊரிலிருந்து சில குடும்பங்களைக் கப்பலேற்றி, சுமார் 2,000 கிலோமீட்டர் வடக்கே, மூன்று மாதம் கதிரவனே தலைகாட்டாத தீவுகளில் கொண்டுபோய் இறக்கியது. அங்கே வேட்டை மிகுதி. முன்னோர் வழியில் அவர்கள் சுகமாக வாழ்வர் என்று சொல்லப்பட்டது. இரண்டாண்டில் விரும்பினால் திரும்பலாம் என்ற வாக்குறுதியும் காற்றில் போயிற்று. 1955-ல் மேலும் சிலர் அனுப்பப்பட்டனர். அவர்களுள் ஒருவர் ஜோசஃபி பிளாகர்ட்டி. ஆம், பிளாகர்ட்டிக்கு அவ்வூர்ப் பெண் ஒருவரிடம் பிறந்த மகன். தந்தை 1951-ல் காலமானார். மகனை அவர் ஒருமுறையேனும் வந்து பார்க்கவில்லை. இக்குடியேற்றத்திற்காகக் கனடா அரசு 2010-ல் மன்னிப்புக் கேட்டது. ஒரு திரைப்படமே இதற்கெல்லாம் காரணம் என்று சொல்வது நியாயமன்று. வடக்கே நாட்டுரிமையை நிலைநாட்டும் கருத்தும் அரசுக்கு இருந்ததாகக் கூறுவர். ஆனால், துப்பாக்கியும் கடைச்சரக்கும் பள்ளிக்கூடமும் வேண்டாதவர்கள், ஈட்டியோடும் புன்னகையோடும் எப்பனியிலும் பிழைப்பவர்கள் என்று உலகம் முப்பதாண்டு நம்பியிருந்தது. அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது?

இப்பொழுது இன்னொருவரிடம் வருவோம். இவரை அறிமுகம் செய்வதற்காகவே இவ்வளவும் பேசினோம் என்று சொன்னாலும் தவறில்லை.

பீட்டர் பிட்சியோலாக் 1902-ல் நாட்டிங்ஹாம் தீவில் பிறந்தவர். எஸ்கிமோக்கள் என்று பாடப் புத்தகத்தில் நாம் படித்த மக்கள் தங்களை இனூயிட் என்று அழைத்துக்கொள்கின்றனர். அவ்வினத்தைச் சேர்ந்த வேட்டைக்காரர், தம் கூட்டத்தின் தலைவர். பாஃபின் தீவின் தென்பகுதியில் கேப் டார்செட் என்று வழங்கிய இடமே அவருடைய ஊர்ப்புறம். 2020 முதல் அதற்குக் கின்கைட் என்ற சொந்த மொழிப் பெயர் மீண்டும் வந்துள்ளது. ஊர் துருவ வட்டத்திற்குச் சற்றுத் தெற்கே இருப்பினும், குளிரில் வேற்றுமை ஒன்றும் இல்லை. சிறுவனாயிருந்தபோது, 1913-ம் ஆண்டுக் குளிர்காலத்தில் பாஃபின் தீவில் தங்கிய பிளாகர்ட்டியை இவர் பார்த்திருக்கிறார். படக்கருவி என்பது வெள்ளையர் கையில் இருக்கும் பொருள் என்று அன்று கண்டவர், பிற்காலத்தில் அதைத் தம் கைக்கு மாற்றிக்கொண்டார்.

அவர் முதன்முதலில் படம் எடுத்த நிகழ்ச்சியே சுவையானது. வெள்ளையர் ஒருவருக்குப் பனிக்கரடியைப் படம் பிடிக்க ஆசை. அருகே செல்ல அச்சம். ஆகவே கருவியைப் பிட்சியோலாக் கையில் கொடுத்து எடுத்துவரச் சொன்னார். இவருக்குக் கரடி புதிதன்று, கருவிதான் புதிது. 1940-களின் தொடக்கத்தில் கத்தோலிக்கப் பாதிரியார் ஒருவர் மூலம் சொந்தமாக ஒரு கருவி கிடைத்தது. கற்பிக்க ஆசிரியர் இல்லை. இருட்டறைக்கு எங்கே போவது? வேட்டைக்குச் சென்ற இடத்தில் கட்டிய பனிக் குடிலே இருட்டறை ஆயிற்று. கைவிளக்கைச் சிவப்புத் துணியால் மூடி, மனைவி ஆக்கியோக் உடனிருந்து உதவ, முதற் படங்களைக் கழுவி எடுத்தார். பனியின் கண்கூசும் ஒளியைத் தணிக்கப் பழைய குளிர்க்கண்ணாடி ஒன்றின் கண்ணாடியை லென்சுக்கு முன்னே பொருத்திக்கொண்டார். கழுவும் வேலையில் ஆக்கியோக் கணவருக்கு இணையாக நின்றார்; படத்தின் கீழ் பெயர் மட்டும் ஒருவருடையதாகவே வழங்குவது உலக வழக்கம்.

அவர் எடுத்தவை என்ன? உறவினர், அயலார், கூடாரம், படகு, வணிகக் கப்பலின் வருகை, வேட்டை முடிந்து திரும்பும் கூட்டம். பழைய மயிர்த்தோல் உடைகளை அணிவித்து நிறுத்தியும் சில படங்கள் எடுத்தார். இனி வரும் பிள்ளைகள் தம் முன்னோர் எப்படி இருந்தனர் என்று அறிய வேண்டும் என்பது அவர் எண்ணம். பார்த்தீர்களா, ஏற்பாடு செய்து எடுப்பதில் இவரும் பிளாகர்ட்டியும் ஒன்றே! ஆகவே, உள்ளூரார் எடுத்தால் யாவும் இயல்பு, வெளியார் எடுத்தால் யாவும் நடிப்பு என்று பாகுபடுத்துவது பொருந்தாது. வேற்றுமை வேறிடத்தில் இருக்கிறது. பிட்சியோலாக்கின் படத்தில் நிற்பவர் ஒவ்வொருவருக்கும் பெயர் உண்டு. அவர் யாருடைய மகன், எந்த ஆண்டில் எந்த முகாமில் இருந்தார், அவ்வாண்டு வேட்டை கிடைத்ததா, பசி கிடந்தனரா என்பதெல்லாம் எடுத்தவருக்குத் தெரியும். படத்தோடு அவர் நாட்குறிப்பும் எழுதினார். தம் மொழியின் எழுத்திலேயே தம் வாழ்க்கைக் கதையையும் எழுதினார். அவர் 1973-ல் மறைந்தபின், 1975-ல் அது நூலாக வெளிவந்தது. அவருடைய ஆயிரத்திற்கும் மேற்பட்ட மூலப் படங்கள் இன்று கனடாவின் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளன. பிற்காலத்தில் இனூயிட் இயக்குநர் சக்கரியாஸ் கூனுக் தம் மொழியிலேயே எடுத்த ‘அட்டனார்ஜுவாட்’ 2001-ல் கான் விழாவில் பரிசு பெற்றதற்கு, பனிக் குடிலில் எரிந்த அந்தச் சிவப்பு விளக்கே முதல் வெளிச்சம் என்று கொள்ளலாம்.

நமது ஊர்ப்பக்கம் திரும்புவோம். திருவனந்தபுரத்திலிருந்து கிழக்கே நோக்கினால் வானம் தெளிந்த நாளில் அகத்தியமலை தெரியும். 1,868 மீட்டர் உயரம். அதன் சரிவுகளில் காணிக்காரர் வாழ்கின்றனர். மூட்டுக்காணி என்பவர் ஊர்த்தலைவர். பிலாத்தி என்பவர் நோய்க்கும் துன்பத்திற்கும் பாட்டுப் பாடி வழிபடுபவர். பற்களையுடைய இரும்புக் குழலைக் கம்பியால் உரசி ஒலியெழுப்பும் கொக்கரை அவர்தம் இசைக் கருவி. பேச்சில் தமிழும் மலையாளமும் இழைந்து கிடக்கும்.

இம்மக்களைப் பற்றி விரிவாக எழுதியவருள் ஒருவர் எல். ஏ. கிருஷ்ண ஐயர். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தவர். கொச்சி நாட்டுக் குடிகளை ஆராய்ந்து புகழ்பெற்ற அனந்தகிருஷ்ண ஐயரின் மகன். திருவாங்கூர் மலைவாழ் மக்களையும் சாதிகளையும் பற்றிய அவருடைய நூல் 1937, 1939, 1941 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக இந்நகரத்து அரசு அச்சகத்தில் அச்சாயிற்று. உழைப்பால் உயர்ந்த நூல். இன்றும் அதைப் புரட்டாமல் இத்துறையில் ஒருவரும் எழுத முடியாது. ஆயினும், அக்கால மானிடவியலின் வழக்கப்படி மனிதரை நேரேயும் பக்கவாட்டிலும் நிறுத்தி எடுத்து, அடியில் இனத்தின் பெயரை மட்டும் அச்சிடுவதே முறை. ‘ஒரு காணிக்காரர்’ என்று இருக்கும். அந்த ஒருவர் யார்? அவருடைய பேரன் அந்நூலைக் கையிலெடுத்தால், தன் பாட்டனாரை எவ்வாறு கண்டுகொள்வான்?

1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது எல்லைக் கோடு இம்மலைகளின் மீதே சென்றது. பேச்சிப்பாறைப் பக்கத்துக் காணிகள் தமிழ் நாட்டவராயினர். கோட்டூர், விதுரைப் பக்கத்தார் கேரளத்தவராயினர். வீட்டைவிட்டு ஓரடி நகராமலே உறவினர்கள் வெவ்வேறு மாநிலத்தார் ஆன கதை, வெளி மாநிலத்தில் வாழும் உங்களுக்கு மற்றவரைவிட நன்றாக விளங்கும்.

ஆண்டுதோறும் ஓணத்திற்கு முன் காணிகள் தேனும் மூங்கிற் பொருள்களும் மலைவிளைவும் சுமந்து கவடியார் அரண்மனைக்கு வருவது பழைய வழக்கம். மறுநாள் நாளேடுகளில் அந்தப் படம் வரும். பிறகு அடுத்த ஓணம் வரையில் படக்கருவி அவர்களை மறந்துவிடும். 1987-ல் நடந்தது வேறு வகை. தாவர ஆராய்ச்சியாளர் சிலர் அம்மலைக்குச் சென்றபோது, வழிகாட்டிய காணிகள் ஒரு சிறு செடியின் காயைத் தின்றுகொண்டு களைப்பின்றி நடப்பதைக் கண்டனர். அதுவே ஆரோக்கியப்பச்சை. பாலோட்டிலுள்ள தாவரப் பூங்கா ஆராய்ச்சி நிலையம் அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்தைச் செய்தது. 1995-ல் கோயமுத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு ஏழாண்டு உரிமம் வழங்கியது. கிடைத்த தொகையில் பாதியைக் காணிகளுக்கென்று ஒதுக்கியது. 1997-ல் அவர்களுக்காக ஓர் அறநிலையம் பதிவாயிற்று. பங்கீட்டில் குறை கண்டவர்கள் உண்டு. எல்லாக் காணிகளிடமும் கேட்கப்பட்டதா என்ற வினாவும் எழுந்தது. எவ்வாறாயினும், பிறர் சொன்ன அறிவுக்கு விலை உண்டு, அதில் அவர்க்குப் பங்கு உண்டு என்று ஏற்றுக்கொண்டது பெரிய காரியம். செடியைப் பற்றிச் சொன்ன சொல்லுக்குப் பங்கு என்றால், முகத்தைத் தந்தவனுக்கு ஒரு பிரதியேனும் தருவது கூடாதா?

நகரத்தின் நடுவிலும் ஒரு மலைக்காடு உண்டு எனலாம்; பலர் கால் வைக்கத் தயங்கிய இடம். தம்பானூருக்கு அருகே செங்கல்சூளை. அரசு ஏட்டில் ராஜாஜி நகர். தலைமைச் செயலகக் கட்டடத்திற்குச் செங்கல் சுட்ட இடமாதலால் அப்பெயர் என்பர். குற்றச் செய்திகளுக்காகவும் தேர்தலுக்காகவும் மட்டுமே படக்காரர்கள் அங்கே சென்றனர். 2021 ஜூலையில் அவ்விடத்துப் பிள்ளைகள், ‘அயன்’ என்ற தமிழ்ப் படத்தின் பாட்டுக் காட்சியைத் தங்கள் சந்துகளிலும் மாடிகளிலும் நடித்து, கைபேசி ஒன்றாலேயே படம்பிடித்து வெளியிட்டனர். நாடெங்கும் பார்த்தனர், நடிகர் சூர்யாவும் பாராட்டினார். சினிமாப் பாட்டைப் பார்த்து ஆடியது பெரிய கலையா என்று பெரியவர்கள் முகம் சுளிக்கலாம். அந்தச் சந்தை அதுவரை எவரும் அப்பிள்ளைகளின் கண்ணால் காட்டியதில்லை. நாம் அதையே கவனித்தோம்.

இனி உங்கள் செய்தி. பிழைப்புக்காகப் பெயர்ந்த தமிழர் வாழ்வு பிறர் கருவியில் எப்போது பதிகிறது? 2020 ஆகஸ்டு 6-ம் நாள் இரவு, மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர் லயங்களை மூடியது. 70 உயிர்கள் மாண்டன. படக்கருவிகள் அடுத்த நாள்களில் மலையேறின. தலைமுறை தலைமுறையாக அந்த ஒற்றை அறை வீடுகளில் நடந்த சமையலும் படிப்பும் திருமணமும் திருவிழாவும் அதற்குமுன் யார் கண்ணிலும் படவில்லை. வீடு போனபோது வீட்டிலிருந்த படமும் உடன் போயிருக்கும். தாராவியைப் பாருங்கள், திருநெல்வேலியிலிருந்து சென்றவர்கள் பல தலைமுறையாக வாழும் பகுதி. வெளியார் எடுக்கும் படங்களில் அது பெரும்பாலும் சாக்கடையும் தகரக் கூரையுமாகவே நிற்கிறது. கோலார் தங்க வயலில் சுரங்கம் 2001-ல் மூடப்பட்டது. நிலத்தின் அடியில் இறங்கி உழைத்த தமிழர் இன்று முதியவராகிவிட்டனர். அவர்கள் வீட்டுப் பெட்டிகளில் திருமணப் படம் இருக்கும். கூண்டில் இறங்கும் படம், சாப்பாட்டுத் தூக்கோடு நிற்கும் படம் எத்தனை வீட்டில் இருக்கும்?

நம்மவரிடம் ஒரு பழக்கம் உண்டு. படம் என்றால் பட்டுப் புடவை, கோட்டு, கும்பிட்ட கை. வேலை உடையில் நிற்க வெட்கம். பிட்சியோலாக்கின் கூட்டத்தாருக்கும் அந்த வெட்கம் இருந்திருக்கக் கூடும். அவர் அதை மீறி, தோல் பதனிடும் கையையும் மீன் உலர்த்தும் கொடியையும் எடுத்தார். உங்கள் தந்தையார் கடையைத் திறக்கும் நேரத்தில் ஒரு படம் எடுங்கள். அக்காள் பேருந்து ஓட்டினாலும், அம்மா பிறர் வீட்டில் சமைத்தாலும், அந்த இடத்தில் அவர்களைக் கேட்டுக்கொண்டு எடுங்கள். எடுத்ததை அவர்களிடம் காட்டுங்கள். வேண்டாம் என்றால் அழித்துவிடுங்கள். கைபேசியில் ஆயிரம் படம் குவிவதால் ஒன்றும் நிலைக்காது. ஆண்டுக்குப் பத்துப் படத்தையாவது தாளில் அச்சிட்டு வையுங்கள்.

அச்சிட்டதும் பின்புறத்தில் எழுத வேண்டியவை: யார், யாருடைய மகன் அல்லது மகள், எந்த ஊரிலிருந்து வந்தவர், எந்த இடத்தில், எந்த ஆண்டு, எடுத்தவர் யார். கண்டிப்பாகத் தமிழில் எழுதுங்கள். பக்கத்தில் அவ்வூர் மொழியிலும் எழுதினால் பேரப்பிள்ளைகள் படிப்பார்கள். மையால் எழுதினால் ஈரம் பட்டு முகத்தின் பக்கம் ஊறிவிடும். மெல்லிய பென்சிலே நல்லது. பாட்டியார் இருக்கும்போதே பழைய படங்களை எடுத்து அருகில் அமர்ந்து கேட்டு எழுதுங்கள், அன்பர்களே.